உளப்பாட்டுத் தன்மை

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் என் உத்தியோகக் கடமைகளோடு ஒரு உபகாரக் கடமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் நோட்டீஸ்களைத் தமிழில் போட்டுத்தர வேண்டும். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் என்பதும், ஏதோ எழுதுகிறவன் என்று பேர் வாங்கியிருப்பதும் இதற்குப் போதுமான யோக்யதைகளாகக் கருதப்பட்டுவிட்டன. தவணை கடந்த நகைக் கடன்களுக்கான நோட்டீஸ் ஒன்றை இப்படித்தான் போன வருஷம் தமிழில் எழுதினேன். குறிப்பிட்ட தேதிக்குள் கடனைத் தீர்க்காவிட்டால் நாம் நகைகளை ஏலத்தில் விட நேரிடும் என்பது அதில் ஒரு வாக்கியம். எழுதும்போது எந்த உறுத்தலும் இல்லை. அரசாங்கக் கடிதங்களிலும் கம்பெனிக் கடிதங்களிலும் படித்துப் படித்துக் காதில் தங்கிப்போன 'நாம்' அது.

பத்து நாள் கழித்து அன்னவாசல் பக்கத்து விவசாயி ஒருவர் அந்தத் தாளை நான்காய் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வட்டியைக் கட்டிவிட்டு, போகாமல் நின்றார்.

"இதை எழுதுனது யாரு தம்பி?"

"ஏன் ஐயா, ஏதாவது தப்பா இருக்கா?"

"நாம ஏலம் விட நேரிடும்னு போட்டிருக்கே. நானுமா சேந்து எம் பொண்டாட்டி நகையை ஏலம் விடணும்?"

பக்கத்துக் கவுண்டரில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றாலும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பதினைந்து வருஷமாகக் கவிதை பற்றியும் சொல்லின் கறார்த்தன்மை பற்றியும் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, தன் மொழியின் மிக அடிப்படையான ஒரு வேற்றுமையை, அதுவும் பத்திரிகையில் அல்ல, ஒரு கடன் நோட்டீஸில், எழுதப் படிக்க அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. 'நாம்' என்பதை 'நாங்கள்' என்று திருத்தினேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதானே என்றார். ஆங்கிலத்தில் ஒன்றுதான். நம்மிடம் இல்லை.

கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை ஒன்று. அவனை வெளியே நிறுத்திவைக்கும் பன்மை ஒன்று. இந்த ஏற்பாடு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. தன்மைப் பெயர்களாக அது தருபவை யான், யாம், நாம். பேசுகிறவன் தன்னோடு மற்றவர்களையும் உளப்படுத்திப் பேசுவதால் பன்மைக்கு 'உளப்பாட்டுத் தன்மை' என்று பெயர். வினைமுற்றிலும் இந்த வேற்றுமை இருந்திருக்கிறது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும், எம், ஏம் விகுதிகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்று நன்னூல் பிரித்துக்கொடுக்கிறது. இன்று வினையில் அது அழிந்துபோய்விட்டது. ‘போவோம்' என்றால் நீயும் சேர்ந்தா, நீ இல்லாமலா என்று தெரியாது. பெயரில் மட்டும்தான் பழைய வரப்பு இன்னும் நிற்கிறது. கன்னடம் பெயரிலும் அதைத் தொலைத்துவிட்டது. 'நாவு' ஒன்றே எல்லாவற்றுக்கும். தெலுங்கு 'மனம்' என்றும் 'மேமு' என்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதிலெல்லாம் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் கால்டுவெல்லை எடுத்துப் படித்ததில் ஆரம்பித்த சபலம். 1856-ல் வெளிவந்த அந்த ஒப்பிலக்கணத்தில் மூவிடப் பெயர்களைப் பற்றிய பகுதி மிக விரிவானது. திராவிட மொழிகளை அவர் 'சித்திய' இனம் என்ற ஒரு பெரிய கூட்டத்தில் சேர்க்கப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஃபின்லாந்துக்காரர்களின் மொழியும் அடக்கம். இடையன்குடி தேரிமணலில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் நம்முடைய நீயையும் நானையும் பனிப்பிரதேசத்து நீயோடும் நானோடும் உரசிப் பார்த்திருக்கிறார் என்ற எண்ணமே எனக்குக் கிளர்ச்சியாக இருந்தது. திருச்சியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஃபின்னிஷ் இலக்கணம் ஒன்று கிடைத்தபோது பேரம் பேசாமல் வாங்கினேன்.

ஃபின்னிஷில் நான் என்பது மினா. நீ என்பது சினா. நாம், நாங்கள் இரண்டுக்கும் மே ஒன்றுதான். நீங்கள் என்பது தே. சினாவின் சகரம் பின்னால் வந்தது. அந்த மொழிக்கிளையில் இகரத்துக்கு முன்னால் நின்ற தகரம் சகரமாகிவிட்டது; எகரத்துக்கு முன் அப்படி ஆகாததால் பன்மையான 'தே'யில் பழைய தகரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஹங்கேரிய மொழியில் இன்றைக்கும் நீ என்பது தே. ஒருமை மாறி, பன்மை சாட்சியாக மிஞ்சுகிற இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மிடமும் இதற்கு நேர் உறவான ஒன்று நடந்திருக்கிறது.

உறவு என்று இங்கே சொல்வது நடத்தையில் உள்ள உறவைத்தான். ரத்த உறவு இருப்பதாக இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. பரோ 1940களில் திராவிடத்தையும் யுராலிக் மொழிகளையும் சேர்த்துப் பார்த்து எழுதினார், நிரூபணமாகவில்லை. அதற்கு இந்தப் பெயர்களே எதிர்ச்சாட்சி சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது. அவர்கள் தன்மை மகரம், முன்னிலை தகரம். நம் தன்மை யகரமும் ஞகரமும், முன்னிலை நகரம். ஒரு மெய்யும் ஒரு உயிருமாக உள்ள சின்னச் சொற்களில் ஏதோ ஒரு ஜாடை யாருக்கும் யாரோடும் கிடைக்கும். நம் பண்டிதர்களில் சிலர் உலகத்து மொழிகளையெல்லாம் தமிழுக்குப் பிள்ளைகளாக்குவது இந்த ஜாடையை வைத்துத்தான்.

ஆனால் நடத்தை என்னை விடவில்லை. ஃபின்னிஷில் 'உடைத்தாயிரு' என்று ஒரு வினை இல்லை. மினுல்லா ஓன் தாலோ என்றால் என்னிடம் இருக்கிறது வீடு. நாமும் அப்படித்தான்: எனக்கு வீடு இருக்கிறது. உடைமை என்பது நான் செய்கிற காரியம் அல்ல. என் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக முன்னால் வந்து வீட்டைப் பிடித்துக்கொள்கிறான். இங்கே வீடு எழுவாய். நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். வங்கியில் தினம் அடமானப் பத்திரங்களைப் புரட்டுகிறவனுக்கு இது வெறும் இலக்கணமாகத் தோன்றவில்லை.

அவர்கள் உடைமையைப் பெயரின் வாலிலும் ஒட்டுவார்கள். தாலோனி, என் வீடு. தாலோசி, உன் வீடு. தாலோம்மே, நம் வீடு அல்லது எங்கள் வீடு. 1957-ல் ருஷ்யாவின் நோவ்கரோதில் தோண்டியெடுத்த பூர்ச்சம்பட்டை ஒன்றில் இருப்பதுதான் பால்டிக்-ஃபின்னிஷ் மொழிகளில் கிடைத்த மிகப் பழைய எழுத்து. 13-ம் நூற்றாண்டு. இடிமின்னலுக்கு எதிரான மந்திரம் என்று கருதுகிறார்கள். அதில் 'உன் பெயர்' என்று முன்னிலை விகுதியோடு ஒரு சொல் இருப்பதாகப் படித்திருக்கிறார்கள். அந்த மொழிக் குடும்பத்தின் முதல் கீறலிலேயே யாரோ யாரையோ 'உன்' என்று கூப்பிடுகிறார்கள்.

இதைப் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசலுக்குப் போனேன். ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவதில்லை. சமணத் துறவிகள் படுத்த 17 படுக்கைகள் அங்கே பாறையில் வழவழப்பாகத் தேய்ந்து கிடக்கின்றன. பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி வரி. ஊர் இருக்கிறது, துறவிக்கு ஒரு பெயர் இருக்கிறது, இருக்கையைச் செய்து கொடுத்தவர் இருக்கிறார். நான் இல்லை, நீ இல்லை. எல்லாம் படர்க்கை. ஈராயிரம் வருஷமாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாக்கியத்தில் பேசுகிறவனுக்கு இடமே இல்லை. இதைத் துறவின் தத்துவம் என்று விரித்து எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு கட்டிலைச் செய்தவன் யார் என்று குறித்துவைக்கப் படர்க்கை போதும் என்பதுதான் வாஸ்தவம். இலக்கணத்திலிருந்து மனசுக்குத் தாவும்போது நாம் எல்லாரும் கொஞ்சம் கால்டுவெல்கள்தான்.

இப்போது அந்த ஒருமை, பன்மை சமாசாரத்துக்கு வருகிறேன். தொல்காப்பியத்தில் 'நான்' இல்லை. யான்தான் உண்டு. துளுவில் இன்றும் யான், குருக்கில் ஏன், பழைய கன்னடத்தில் ஆன், பழைய தெலுங்கில் ஏனு. ஒருவரிடமும் நகரம் இல்லை. பக்திப் பாடல்களில் நான் தாராளமாக வந்துவிடுகிறான். நன்னூல் யானோடு நானையும் சேர்த்தே சொல்கிறது. அந்த பூர்ச்சம்பட்டையும் நன்னூலும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்பது சும்மா ஒரு தற்செயல். ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

இந்த நகரம் எங்கிருந்து வந்தது? பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தன் 2003-ம் வருஷத்துப் புத்தகத்தில் தொகுத்துத் தருகிற விளக்கம் இது: மூலத் திராவிடத்தில் கேட்பவனை விலக்கும் பன்மை யாம், சேர்க்கும் பன்மை ஞாம். ஞாம் தமிழில் நாம் ஆயிற்று. யாம் என்பதற்கு யான் ஒருமையாக இருப்பதுபோல் நாம் என்பதற்கும் ஒரு ஒருமை இருக்க வேண்டும் என்று வாய் தானாகவே கணக்குப் போட்டது. நாமிலிருந்து நான் பிறந்தான். நான்கள் சேர்ந்து நாம் ஆகவில்லை. நாம் உடைந்துதான் நான்.

முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1934-ல் பிச்சமூர்த்தி 'காதல்' எழுதியதிலிருந்து புதுக்கவிதை மேல் வைக்கப்பட்டு வரும் குற்றச்சாட்டு, அதன் 'நான்' மேற்கிலிருந்து இறக்குமதியான தனியன் என்பது. 'எழுத்து' பத்திரிகையின் பக்கங்களில் புலம்பிய நான், அதற்குப் பிறகு நகரத்து மாடி அறைகளில் சிகரெட் பிடித்த நான், இன்று என் தலைமுறையில் ஒரு அறையும் இல்லாமல் கைபேசி வெளிச்சத்தில் விழித்திருக்கும் நான், எல்லாருக்கும் ஒரே குலப்பட்டம். இதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது: ஐயா, தமிழில் 'நான்' என்ற சொல்லே கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் பன்மையின் வயிற்றிலிருந்து வந்தது, அது எப்படித் தனியன் ஆகும் என்று கேட்கலாம்.

கேட்கலாம், ஆனால் அது மோசடி. சொல்லின் பிறப்பு வேறு, சொல்கிறவனின் நிலை வேறு. நானுக்கு முன்னால் யான் இருந்தான். அவனும் தனியாகத்தான் புலம்பினான். தவிரவும், நகரம் ஏறியது எழுவாயில் மட்டும்தான். என், என்னை, எனக்கு, என்னிடம் எல்லாம் இன்னமும் யானுடையவை. கன்னடக்காரர் 'நானு' என்று மாறிய பிறகு உள்ளேயும் 'நன்ன' என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நாம் மாற்றவில்லை. வாசலில் நிற்பவன் நாமின் பிள்ளை. உள் அறையில் படுத்திருப்பவன் பழைய யான். உடைமை, கொடுக்கல், வாங்கல், நோவு எல்லாம் அவன் பேரில்தான் இருக்கிறது. இதைவிட நல்ல விமர்சன உபகரணம் நம் கவிதைக்கு எனக்குத் தெரியாது என்றாலும், இதையும் நிரூபணமாக வைக்கமாட்டேன். ஒரு கவிதையில் நான் எங்கே நிற்கிறான், எனக்கு எங்கே வலிக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் வந்தது, அது போதும்.

நாங்கள் என்ற சொல்லிலும் இதே கோளாறு. பார்த்தால் நாமுக்குக் கள் விகுதி சேர்த்த மாதிரி இருக்கிறது. பொருளில் அது யாங்களின் வாரிசு. நாமின் முகத்தை மாட்டிக்கொண்டு கேட்பவனை வெளியே நிறுத்துகிற சொல். நாமும் யோக்யன் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்தவற்றை 'நாம்' கொடுத்தவை என்கிறான்; குந்தவை அங்கே 'நம் அக்கன்'. அந்த நாமில் தளிச்சேரிப் பெண்களோ விளக்கு நெய்க்கு ஆடு மேய்த்தவர்களோ சேர்த்தி இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனில் கரைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ராஜாங்கத்து நாம் மட்டும் கரையாமல் வழிவழியாக வந்து என் நகைக்கடன் நோட்டீஸில் உட்கார்ந்துவிட்டது.

2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த வாரம் டீக்கடையிலும் கவுண்டரிலும் எல்லாரும் சொன்ன வாக்கியம், 'நம்ம மாவட்டத்துக்கே அவமானம்'. நானும் சொன்னேன். அவமானத்தில் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட அந்த 'நம்ம', அந்த மக்களையும் சேர்த்துக்கொண்டதா என்று பிறகுதான் யோசித்தேன். அதே வாய்கள் மறுநாள் ஒரு புது ஆளிடம் மெதுவாக 'நீங்க நம்ம ஆளுகதானே' என்று விசாரிக்கும். தொல்காப்பியர் வகுத்த எல்லைக்குள்ளேயே இன்னொரு வரப்பு.

இவ்வளவையும் எழுதியது, வேறொன்றைச் சொல்லத் தைரியம் வேண்டித்தான்.

எங்கள் அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். போன தையில் போன் பண்ணினான். விலைவாசி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசிவிட்டு, "தம்பி, நாங்க வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கோம்" என்றான்.

பெயரை விட்டுவிட்டு 'குடுத்துடலாம்னு இருக்கோம்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தமிழில் யாரும் அதைக் குறையாக நினைக்கமாட்டார்கள். அந்த 'இருக்கோம்' யாரைச் சேர்த்தது என்று நானும் என் சௌகரியப்படி எடுத்துக்கொண்டிருப்பேன். 'நாம' என்றிருந்தால் அது யோசனை கேட்பது. அவன் 'நாங்க' என்றான். அண்ணனும் அண்ணியும். நான் கேட்கிற இடத்தில் இருந்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி அவன் என்னிடம் 'நாங்க' என்று பேசியதில்லை. இங்கிலீஷில் பேசுகிற குடும்பமாக இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. சரிண்ணே என்றேன்.

'தம்பி' என்று அவன் கூப்பிட்டதையும் அன்று ராத்திரி பிரித்துப் பார்த்தேன். பழைய தமிழில் எம்பி என்றால் என் தம்பி, உம்பி என்றால் உன் தம்பி, தம்பி என்றால் மற்றவர் தம்பி. எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய், எல்லாம் அதே கணக்கு. ஃபின்லாந்துக்காரன் வாலில் ஒட்டியதை நாம் தலையில் ஒட்டினோம். பிறகு எம்மும் நும்மும் உதிர்ந்துபோய், தம் மட்டும் மிஞ்சியது. இன்று நாம் எல்லாரும் நம் தகப்பனை, தாயை, தம்பியைப் படர்க்கையில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் மேல் கோபப்பட இலக்கணத்தை அவ்வளவு தூரம் இழுத்தது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவனுக்குக் கடன் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு வங்கி குமாஸ்தாவான தம்பியிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சித்திரையில் பதிவு. திருமயம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதுகிறவரின் கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் நரைத்திருந்தான். வாங்குகிறவர் எதிரே ஸ்டூலில். எழுத்தர் கம்ப்யூட்டரில் அடித்தெடுத்த வாசகத்தை இழுத்த குரலில் படித்தார்: இன்னார் குமாரர்கள் ஆகிய நாங்கள் தங்களுக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம், எங்கள் தாயார் வழியில் எங்களுக்குப் பாத்தியப்பட்டு எங்கள் அனுபவத்தில் இருந்து வரும் வீடு.

நாலெல்லையும் படித்து முடித்து, "உங்க ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

ஸ்டூலில் இருந்தவர் கேட்பவர். அந்த நாங்களுக்கு வெளியே இருந்தவர் அவர்தான். உள்ளே நானும் அண்ணனும் இருந்தோம். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான்தான் முதலில் சொன்னேன், சம்மதம் என்று. பிறகு இரண்டு பேரும் போய்க் கட்டைவிரல் வைத்தோம்.